கோலத்துக்கு "டெம்பரரி"யா, "எஃபிமெரல்"ஆ? கொஞ்ச நேரமே இருப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்!

கோலமாவு:
எங்கள் ஊர் நூலகத்தில் பொங்கலை ஒட்டி ஒரு சின்னப் புகைப்படக் காட்சி வைக்கிறோம். மார்கழி முழுக்க எங்கள் தெருவில் போட்ட கோலங்களின் படங்கள். வெளியூர்க்காரர்களும் வருவார்கள், ஆங்கிலத்திலும் இரண்டு வரி வேண்டும் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் "கோலம் இஸ் எ டெம்பரரி ஆர்ட்" என்று எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்துத் தந்த அக்கா டெம்பரரியை அடித்துவிட்டு எஃபிமெரல் என்று போட்டிருக்கிறார். காரணம் கேட்டால் "அதுதான்டா சரியா இருக்கு" என்கிறார்.

அகராதியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான். கூடவே டிரான்சியன்ட், டிரான்சிட்டரி, ஃப்ளீட்டிங், எவனெசென்ட் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. எல்லாமே "ரொம்ப நேரம் இருக்காது" என்றால் எதற்கு இத்தனை? எது எங்கே வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழையவாத்தியார்:
அக்கா திருத்தியது சரி, தம்பி. காரணம் நான் சொல்கிறேன். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஏன் போகிறது என்று கேளுங்கள்.

டெம்பரரி என்றால் "இது இத்தனை நாளைக்குத்தான்" என்று யாரோ முடிவு செய்து வைத்தது. டெம்பரரி பாலம், டெம்பரரி பந்தல், டெம்பரரி வேலை. பின்னால் நிரந்தரமாக ஒன்று வரும், அல்லது காரியம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். எஃபிமெரல் என்பதில் யாருடைய முடிவும் கிடையாது, அந்தப் பொருளின் பிறவிக்குணமே அது. கோலத்தை யாரும் பிரிப்பதில்லை. எறும்பு இழுத்துப் போகிறது, சைக்கிள் ஏறுகிறது, பதினோரு மணிக்குப் பார்த்தால் பாதிதான் இருக்கும்.

சொல்லின் வேரும் இதற்குத் தோதாக இருக்கிறது. கிரேக்கத்தில் எபி என்றால் மேல், ஹெமெரா என்றால் நாள். ஒரு நாள் மட்டும் நிற்பது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஒரே நாளில் விட்டுவிடும் காய்ச்சலுக்கும், ஒரு நாள் பூச்சிக்கும்தான் இதைச் சொன்னார்கள். அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்கு அழியும் கோலத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பின்சீட்டு:
சார், எங்கள் ஆபீஸில் 11 வருடமாக டெம்பரரியாகவே ஒருவர் இருக்கிறார். நான்தான்.

பழையவாத்தியார்:
தம்பி, டெம்பரரி என்பது வைத்தவர் வாய்ச்சொல். நடந்தது வேறாக இருக்கலாம். ஐஃபெல் கோபுரத்தை 1889-இல் கட்டியபோது 20 வருட அனுமதிதான் கொடுத்தார்கள். 1909-இல் பிரித்திருக்க வேண்டும். கம்பியில்லாத் தந்திக்கு அந்த உயரம் உதவியதால் தப்பித்தது. உங்களுக்கும் ஏதாவது கம்பம் கிடைக்கட்டும்.

சுவர்ச்சித்திரம்:
வாத்தியார் சொன்ன வேறுபாடு ஓவிய உலகத்தில் நன்றாகத் தெரியும். கிறிஸ்டோ, ஜீன்-க்ளோட் என்ற கலைஞர் தம்பதி 1995-இல் பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தையே துணியால் போர்த்தினார்கள். இரண்டு வாரம். 2005-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் காவித் துணி தொங்கும் ஆயிரக்கணக்கான வாசல்கள். பதினாறு நாள். திறக்கும் தேதி, பிரிக்கும் தேதி, அனுமதிக் கடிதம் எல்லாம் கையில் உண்டு. இதெல்லாம் டெம்பரரி.

ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தி என்று ஒருவர் இருக்கிறார். பனிக்கட்டியை எச்சிலால் ஒட்டி வளைப்பார், இலைகளை முள்ளால் கோத்து ஆற்றில் விடுவார். வெயில் வந்தால் முடிந்தது. அவர் வேலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போடும் சொல் எஃபிமெரல். கோலம் இந்தக் கட்சி.

ஒரே ஒரு குறை. கலைக் கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நாலு கண்காட்சிக் கையேடு படித்தால் மூன்றில் இருக்கும்.

புற்றுமண்:
வாத்தியார் ஐயா தொட்ட "ஒரு நாள் பூச்சி" பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் மேஃப்ளை. அதன் இனத்துக்கே எஃபிமெரோப்டெரா என்றுதான் அறிவியல் பெயர். ஒரு நாள் சிறகு என்று வைத்துக்கொள்ளலாம். சிறகு முளைத்த பிறகு அதற்கு வாய் வேலை செய்யாது, சாப்பிடவே முடியாது. இணை சேர்ந்து முட்டை போடுவதோடு கதை முடிந்தது. ஒரு வகையில் பெண் பூச்சிக்குச் சிறகோடு ஐந்து நிமிடம்கூடக் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் இளம்பருவமாகத் தண்ணீருக்குள் மாதக்கணக்கில், சில வகை இரண்டு வருடம்கூட, நிம்மதியாக இருந்திருக்கும். எஃபிமெரல் என்று பெயர் வைத்தவர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள்!

நம் ஊரில் இதற்கு ஈசலைச் சொல்வோம். அதிலும் ஒரு வேடிக்கை. காக்கைக்கும் பல்லிக்கும் தப்பி, சிறகை உதிர்த்து மண்ணுக்குள் போய்ப் புது புற்று தொடங்கும் ராணி பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். அற்ப ஆயுள் என்று நாம் இரங்குவது தப்பிக்காத ஈசலுக்காக.

போர்ட்443:
எனக்கு எஃபிமெரல் என்றதும் பூச்சியோ கோலமோ ஞாபகம் வரவில்லை, வேலைதான் வருகிறது. நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம் 443 என்று நிலையான கதவு இருக்கும். உங்கள் பக்கத்தில் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் ஒரு கதவு எண் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் எஃபிமெரல் போர்ட். இதற்கென்று ஒதுக்கிய எண்கள் 49152 முதல் 65535 வரை. லினக்ஸ் தன் வழக்கப்படி 32768-இல் இருந்தே எடுத்துக்கொள்ளும்.

இணையப் பேச்சை ரகசியமாக வைக்கும் பூட்டுச் சாவியிலும் இதே சொல்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஒரு சாவி செய்து, முடிந்ததும் தூக்கி எறிவது எஃபிமெரல் கீ. நாளைக்கு சர்வரின் நிரந்தரச் சாவி திருடு போனாலும் நேற்றைய பேச்சைத் திறக்க முடியாது. 2018-இல் வந்த டி.எல்.எஸ். 1.3 என்ற இணையப் பாதுகாப்பு விதிமுறை ஏறக்குறைய முழுக்க இந்த வழிக்கே வந்துவிட்டது.

ஆனால் எங்கள் ஆட்கள் "டெம்பரரி ஃபைல்" என்பார்கள், "எஃபிமெரல் ஃபைல்" என்று சொல்லிக் கேட்டதில்லை. டெம்பரரி ஃபைல் போகவே போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் விதி இங்கேயும் பொருந்துகிறது.

இரவுப்பணி:
அந்த விதியில் ஒரு ஓட்டை போடலாமா சார்? நான் நர்ஸ். எங்கள் வார்டில் தினமும் புழங்குவது டிரான்சியன்ட். டி.ஐ.ஏ. என்பதன் முதல் எழுத்தே அதுதான், டிரான்சியன்ட் இஸ்கீமிக் அட்டாக். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபடும். வாய் கோணும், ஒரு பக்கம் கை மரத்துப்போகும், பேச்சு குழறும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிடும். முன்பு 24 மணி நேரத்துக்குள் சரியானால் டி.ஐ.ஏ. என்று வைத்திருந்தார்கள். இப்போது கடிகாரத்தைவிட, ஸ்கேனில் மூளைத் திசு செத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இங்கே டிரான்சியன்ட் என்றால் வந்து கடந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். ஒன்றுமில்லை என்று பொருள் கிடையாது. "அதான் சரியாயிடுச்சே சிஸ்டர்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரைப் பிடித்து உட்காரவைப்பது எங்களுக்குப் பெரும்பாடு. அடுத்த சில நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம்.

பிறந்த குழந்தைக்கு டி.டி.என். என்று ஒன்று வரும். நுரையீரலில் தங்கிவிட்ட நீர் வடியும்வரை வேகவேகமாக மூச்சு வாங்கும். சிசேரியன் குழந்தைகளுக்குக் கூடுதல். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அதிலும் முதல் எழுத்து டிரான்சியன்ட். கேஸ் ஷீட்டில் அப்படி எழுதிவிட்டு, வெளியே நிற்கிற அப்பாவிடம் "டெம்பரரிதாங்க, பயப்படாதீங்க" என்போம். அந்த மூச்சிரைப்பை யாரும் முடிவு செய்து வைக்கவில்லையே?

பழையவாத்தியார்:
மாட்டிக்கொண்டேன், அம்மா. டெம்பரரி பிளைன்ட்னஸ், டெம்பரரி மெமரி லாஸ் எல்லாம் ஆங்கிலத்தில் உண்டு. அங்கே யாரும் தவணை குறிப்பதில்லை. பழைய நிலை திரும்பிவிடும் என்ற எதிர்பார்ப்புதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் குழந்தையின் அப்பாவுக்கு அது ஆறுதல். நான் சொன்னதைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்கிறேன்: டெம்பரரி என்றால் அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது. கோலம் அழிந்த பிறகு திரும்ப எந்த நிலையும் இல்லை, வெறும் வாசல்தான்.

டிரான்சியன்ட் லத்தீன் சொல், "குறுக்கே கடந்து போவது". டிரான்சிட் விசாவும் அதே வேர். ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மனிதரைப் பார்த்து "எ டிரான்சியன்ட்" என்றால் வீடு வாசல் இல்லாமல் திரிகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஓட்டல்காரர்கள் மட்டும் ஓரிரு நாள் தங்குகிறவர்களைக் கணக்கில் டிரான்சியன்ட் கெஸ்ட் என்று எழுதுவார்கள். வந்த விருந்தாளியை மரியாதைக்காக அப்படிச் சொல்லி வைக்காதீர்கள்.

கோலமாவு:
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அப்போது டிரான்சியன்டும் டிரான்சிட்டரியும் ஒன்றுதானா?

பழையவாத்தியார்:
ஒன்றுதான். இழுத்துப் பிடித்து வேறுபாடு சொல்வார்கள், நடைமுறையில் இல்லை.

வட்டிவிகிதம்:
இல்லை ஐயா, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வங்கியில் வேலை பார்த்தவன், இந்தச் சொல்லால் பட்டவன்.

2021-இல் அமெரிக்காவில் விலைவாசி ஏறத் தொடங்கியது. அங்கே மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், தலைவர் ஜெரோம் பவல் உள்பட, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் டிரான்சிட்டரி. கொரோனாவால் சரக்கு வராமல் ஏறிய விலை, காரணம் தீர்ந்ததும் ஏற்றமும் தீரும் என்ற பொருளில். ஆனால் கேட்டவர்கள் எல்லாம் "சீக்கிரம் போய்விடும்" என்று எடுத்துக்கொண்டார்கள். 2021 நவம்பர் 30-இல் செனட் குழுவின் முன்னால் பவலே அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், 40 வருடத்தில் அதிகம்.

கடந்து போய்க்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சொல்வது டிரான்சியன்ட். போகும் தன்மை கொண்டது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வது டிரான்சிட்டரி. இரண்டாவதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். நர்ஸ் அக்கா எழுதிய டி.ஐ.ஏ.வில் டிரான்சிட்டரி என்று போட்டுப் பாருங்கள், உதைக்கும்.

பழையவாத்தியார்:
உதைக்கிறதுதான். வாபஸ்.

கருங்கோட்டு:
டெம்பரரி, இன்டரிம், ப்ரொவிஷனல் மூன்றையும் மாற்றிப் போட்டால் எங்கள் தொழிலில் மனு திரும்பி வந்துவிடும். இன்டரிம் என்றால் லத்தீனில் "அதற்கிடையே". இரண்டு பக்கமும் கரை உண்டு. வழக்கு தொடங்கியாயிற்று, தீர்ப்பு வரவில்லை, அதற்கிடையே ஒரு தடை. இடைக்காலத் தடை என்று தமிழில் அழகாகவே சொல்கிறோம். அதிலும் எதிர்த்தரப்பு வந்து பேசும்வரைக்கும் கொடுப்பது ஆட்-இன்டரிம். 2024-இல் பிப்ரவரி 1 அன்று வந்தது இன்டரிம் பட்ஜெட், தேர்தல் முடிந்து ஜூலை 23-இல் முழு பட்ஜெட். அதை டெம்பரரி பட்ஜெட் என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ப்ரொவிஷனல் வேறு சாதி. இப்போதைக்குச் செல்லும், பின்னால் வருவது இதை உறுதி செய்யும் அல்லது மாற்றும். கல்லூரி முடித்த கையோடு வாங்கும் ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் நம்மில் பாதிப் பேர் முதல் வேலைக்குப் போனோம். பட்டம் வந்ததும் அது பீரோவுக்குள்.

காலக்கெடு வைப்பது பற்றி ஒரு கதை. அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு ஆங்கிலத்துக்கே 15 வருடம்தான் தவணை கொடுத்தது. 1965 ஜனவரி 26-இல் முடிய வேண்டும். 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் அதன் பிறகும் "மே கன்டினியூ" என்றது, தொடரலாம் என்று. "மே" போதாது, "ஷல்" என்று போடுங்கள் என்று அண்ணா மாநிலங்களவையில் வாதாடினார். 1965-இல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 1967 திருத்தத்துக்குப் பிறகு, இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அத்தனையும் தீர்மானம் போடாமல் ஆங்கிலத்தை எடுக்க முடியாது. நாம் இப்போது பிரித்து மேயும் இந்த மொழியே டெம்பரரியாக இருந்ததுதான்.

பின்சீட்டு:
அப்படியானால் எனக்கும் நம்பிக்கை இருக்கிறது.

சாயப்பட்டறை:
எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஃபியூஜிடிவ். போலீஸ் தேடும் ஆளுக்குச் சொல்வதேதான். வெயில் பட்டால், தண்ணீர் பட்டால் ஓடிவிடும் சாயத்துக்கு ஃபியூஜிடிவ் டை என்று பெயர். மஞ்சள் நல்ல உதாரணம். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தினால் எந்த சோப்புக்கும் அசையாது, ஆனால் துவைத்து நல்ல வெயிலில் போட்டால் கறை வெளுத்துவிடும். தண்ணீரைவிட வெளிச்சத்துக்குப் பயப்படும் சாயம் அது. மஞ்சள் தோய்த்த துணியை நிழலில் காயவைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

மெட்ராஸ் செக் என்று ஊர் பெயரோடு உலகம் சுற்றிய கட்டம் போட்ட துணி ஒன்று உண்டு. துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டு ஒரு கட்டத்தின் நிறம் இன்னொன்றில் ஏறும். 1960-களில் அமெரிக்காவில் இதை ஒரு குறையாகச் சொல்லாமல் "ப்ளீடிங் மெட்ராஸ்" என்று பெயர் வைத்து, சாயம் விடும் என்று உத்தரவாதமே கொடுத்து விற்றார்கள்! இங்கே நாங்கள் ஒரு லாட்டில் சாயம் விட்டால் மொத்தச் சரக்கும் எங்கள் தலையில் வந்து விழும். அந்த விளம்பரம் எழுதினவர் கிடைத்தால் சொல்லுங்கள்.

மல்லிச்சரம்:
பூ வியாபாரக் குடும்பம் நாங்கள், மதுரைப் பக்கம். விமானத்தில் போகும் பெட்டி மேல் பெரிஷபிள் என்று ஒட்டுவார்கள். மல்லியை மொட்டாகவே விடியுமுன் பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடும். அதனால் வியாபாரிக்கு அது பெரிஷபிள், கவிஞருக்கு எஃபிமெரல். கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்காவது வர வேண்டும், அப்போதுதான் பெரிஷபிள். கோலம் கெட்டுப்போகாது, அழியத்தான் செய்யும்.

கெட்டுப்போவதற்கு ஆங்கிலத்தில் பாலுக்கும் மீனுக்கும் "கான் ஆஃப்" என்றே முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நுணுக்கமாகப் போனால் ரொட்டி ஸ்டேல், எண்ணெய் ரான்சிட். இந்த விஷயத்தில் நம் அடுப்படியை யாரும் நெருங்க முடியாது. அப்பளம் நமத்துப்போகும், சாம்பார் ஊசிப்போகும், பால் திரிந்துபோகும், எண்ணெய் காறிப்போகும், மாவு புளித்துப்போகும், பூ வாடிப்போகும். முறுக்கு ஊசிப்போச்சு என்று எந்த மருமகளாவது சொன்னால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இரவுப்பணி:
இதோடு "பெஸ்ட் பிஃபோர்", "யூஸ் பை" குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஸ் பை தேதி தாண்டினால் சாப்பிடக் கூடாது. பெஸ்ட் பிஃபோர் தாண்டினால் ருசி குறையலாம், விஷமாகிவிடாது. 2020 அக்டோபர் 1 முதல் கடையில் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் பெஸ்ட் பிஃபோர் தேதி எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் தெருக் கடையில் ஒரு சிலேட் வாங்கி மாட்டினார்கள். தேதி எழுதியதைப் பார்த்ததில்லை.

கோலமாவு:
எவனெசென்ட் மட்டும் யாருமே தொடவில்லையே?

போர்ட்443:
வானிஷ் என்பதற்கும் இதற்கும் ஒரே வேர். ஆனால் வானிஷ் சட்டென்று மறைவது. எவனெசென்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து மெலிந்து மறைவது. காபி ஆவி மாதிரி. கல்லூரி இயற்பியலில் எவனெசென்ட் வேவ் என்று படித்தேன். கண்ணாடிக்குள் முழுமையாக எதிரொளிக்கும் ஒளி, எல்லையைத் தாண்டி இம்மியளவு எட்டிப்பார்க்கும், தூரம் போகப் போகச் சடசடவென்று தேய்ந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இறுக்கிப் பிடித்து, மேலிருந்து சாய்வாக உள்பக்கச் சுவரைப் பாருங்கள். வெளியே பிடித்திருக்கும் விரலில் ரேகை மேடுகள் மட்டும் தெளிவாகத் தெரியும்.

இரவுப்பணி:
ஸ்டில்ஸ் டிசீஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. சாயங்காலம் காய்ச்சல் ஏறும்போது ரோஜா நிறத்தில் தடிப்பு வரும், காய்ச்சல் இறங்கினால் அதுவும் போய்விடும். புத்தகத்தில் எவனெசென்ட் ராஷ் என்றுதான் இருக்கும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து பார்த்தால் தோல் பளிங்கு மாதிரி இருக்கும். இப்போது நோயாளிகளிடமே போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறோம்.

வட்டிவிகிதம்:
ஃப்ளீட்டிங் இன்னும் எளிது. மிதப்பது என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது, கப்பல் கூட்டத்தைச் சொல்லும் ஃப்ளீட்டுக்கும் அதே வேர். ஃப்ளீட்டிங் க்ளிம்ப்ஸ், ஃப்ளீட்டிங் விசிட். ஓடும் ரயிலிலிருந்து தெரிந்த முகம் மாதிரி. 2020 நவம்பரில் ட்விட்டர் 24 மணி நேரத்தில் மறையும் பதிவுகளைக் கொண்டுவந்து ஃப்ளீட்ஸ் என்று பெயர் வைத்தது. 2021 ஆகஸ்ட் 3-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பெயர் வைக்கும்போது வாயில் நல்ல சொல் வர வேண்டும் என்று பாட்டி சொல்வார்.

பின்சீட்டு:
ஃப்ளாஷ் இன் த பேன் விட்டுப்போச்சு. தங்கம் சலிக்கும் தட்டில் ஒரு மினுக்கு தெரியும், பார்த்தால் தங்கம் இருக்காது. அதிலிருந்து வந்தது.

சாயப்பட்டறை:
தங்கம் இல்லை தம்பி, துப்பாக்கி. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டில் மருந்து இருக்கும். அது பற்றிக் குழாய்க்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். சில சமயம் தட்டில் மட்டும் பளிச்சென்று எரிந்துவிட்டுக் குண்டு போகாது. ஒரே படத்தோடு காணாமல் போகும் நடிகருக்குச் சொல்வது இதனால்தான்.

கருங்கோட்டு:
ஷார்ட்-லிவ்ட் என்பதில் எனக்கொரு சந்தேகம் தீர்ந்தது, பகிர்கிறேன். அதைப் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1996-இல் வாஜ்பாயின் 13 நாள் ஆட்சி ஷார்ட்-லிவ்ட். பதவியேற்பு அன்றைக்கே அப்படிச் சொன்னால் சாபம். டெம்பரரி முன்னால் பார்க்கிறது, ஷார்ட்-லிவ்ட் பின்னால் பார்க்கிறது. உச்சரிப்பு "லிவ்ட்"ஆ "லைவ்ட்"ஆ என்று சண்டை போடுவார்கள். லைஃப் என்பதிலிருந்து வந்ததால் லைவ்ட் என்பது பழைய கட்சி. இரண்டையும் அகராதி ஏற்கிறது.

பேருந்துச்சீட்டு:
நான் பழைய பஸ் டிக்கெட், தீப்பெட்டி அட்டை சேர்க்கிறவன். எங்கள் பொழுதுபோக்குக்கே எஃபிமெரா என்று பெயர். அன்றைக்கு மட்டும் வேண்டும் என்று அச்சடித்த காகிதங்கள். லண்டனில் 1975-இலேயே இதற்கு எஃபிமெரா சொசைட்டி என்று சங்கம் வைத்துவிட்டார்கள். நமக்குப் பெரிய உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப்போடும் காகிதத்தையும் எடுத்து வைத்தார். 1994-இல் அதைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகமே வந்துவிட்டது. நூறு வருடம் நின்ற பிறகும் அதற்குப் பெயர் எஃபிமெராதான்.

புற்றுமண்:
ஜோசியர்கள் வைத்திருக்கும் எபிமெரிஸும் இதே வேர்தானே? கிரகம் அன்றன்றைக்கு நிற்கும் இடம் போட்ட அட்டவணை. நம் பஞ்சாங்கத்துக்கு உறவு. தாவரவியலில் இன்னும் இரண்டு உண்டு. பூ விரியும்போதே உதிரும் புல்லிவட்டம் கடூக்கஸ், பிறகு உதிர்வது டெசிடுவஸ், காயாகும்வரை ஒட்டியே இருப்பது பெர்சிஸ்டென்ட். கத்தரிக்காய் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி பெர்சிஸ்டென்ட். பல் டாக்டர்கள் பால்பல்லை டெசிடுவஸ் என்பார்கள், கூரை மேல் எறிவது அதைத்தான்.

சுவர்ச்சித்திரம்:
தமிழில் என்ன போடப்போகிறீர்கள்? "தற்காலிகக் கலை" என்று எழுதிவிடாதீர்கள், தொகுப்பூதியம் ஞாபகம் வரும்.

பழையவாத்தியார்:
குறளில் நிலையாமை அதிகாரத்தில், 333-ஆவது குறள், "அற்கா இயல்பிற்று" என்று தொடங்கும். அல்கு என்றால் தங்கு. அற்கா என்றால் தங்காத. எஃபிமெரலுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியாது. ஆனால் நூலக வாசலில் "அற்காக் கலை" என்று எழுதினால் அச்சுப்பிழை என்று யாராவது பேனாவால் திருத்திவிட்டுப் போவார்கள்.

மல்லிச்சரம்:
எதற்குக் கஷ்டப்படுகிறீர்கள்? "விடியலில் போட்டது, வெயிலில் போனது" என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலும் அதே மாதிரி "டிரான் அட் டான், கான் பை நூன்". பெயரடையே வேண்டாம்.

சுவர்ச்சித்திரம்:
அக்கா, இந்த இழையில் இதுதான் நல்ல வரி.

கோலமாவு:
எல்லோருக்கும் நன்றி. காட்சி நேற்று திறந்தது, அதனால்தான் தாமதம். முதல் பலகையில் மல்லிச்சரம் அக்காவின் வரி, இரண்டு மொழியிலும். விளக்கக் குறிப்பில் எஃபிமெரல் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, எங்கள் அக்கா விடமாட்டேன் என்றுவிட்டார். வாத்தியார் ஐயா, உங்கள் "ஒரு நாள்" விளக்கத்தையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

ஒரே பிரச்சினை. பலகையில் ஒட்டிய குறிப்புகள் மத்தியானமே ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்துவிட்டன. இதற்கு என்ன சொல்?

சாயப்பட்டறை:
மட்டமான டேப்.